ராத்திரி ஷிப்டும் காக்கிச் சட்டையும்

இரவு மணி பத்து. ஒரகடம் கூட்டு ரோடு.

ஒரு ஷிப்ட் முடிகிறது. இன்னொரு ஷிப்ட் தொடங்குகிறது. கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பெண்கள் இறங்குகிறார்கள், பெண்கள் ஏறுகிறார்கள். புதுக் கார்களை முதுகில் சுமந்த நீண்ட லாரி ஒன்று, திரும்ப இடம் இல்லாமல் திணறுகிறது. டீக்கடையில் பாதித் தமிழ் கேட்கிறது. பாதி இந்தி கேட்கிறது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு போலீஸ்காரர். கையில் டார்ச் லைட். வாயில் விசில்.

இவர் கிராமத்துப் போலீஸ்காரரா? பட்டணத்துப் போலீஸ்காரரா?

காகிதத்தைப் பார்த்தால், கிராமத்துப் போலீஸ்காரர். பார்க்கிற வேலையைப் பார்த்தால், பட்டணத்துப் போலீஸ்காரர்.

இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். இது போலீஸ் இலாகாவின் உள்விவகாரம் அல்ல. ஒரகடத்திலும், ஸ்ரீபெரும்புதூரிலும், சுங்குவார்சத்திரத்திலும் வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பி வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்தின் விவகாரம்.

ஏரியும் வயலும் இருந்த ஊர்

ஸ்ரீபெரும்புதூர் என்றால் முன்பெல்லாம் ராமானுஜர் அவதரித்த ஊர். கோவில் உண்டு. ஏரி உண்டு. வயல் உண்டு. பெங்களூர் போகிற பஸ் நின்று போகும். அவ்வளவுதான்.

1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1998-ல் அங்கிருந்து கார் வெளியே வந்தது. அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான். அப்புறம் லாரி செய்கிற கம்பெனி, டயர் செய்கிற கம்பெனி, மோட்டார் சைக்கிள் செய்கிற கம்பெனி. சுங்குவார்சத்திரம் பக்கத்தில் செல்போன், டெலிவிஷன், குளிர்சாதனப் பெட்டி. வல்லம் வடகாலில் இன்னும் பல.

கம்பெனிகள் வந்தால் ஆட்கள் வர வேண்டும். வந்தார்கள். திருவண்ணாமலையில் இருந்து வந்தார்கள். விழுப்புரத்தில் இருந்து வந்தார்கள். ராமநாதபுரத்தில் இருந்து வந்தார்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் என்று ரெயில் ஏறியும் வந்தார்கள்.

ஒரு அறையில் ஆறு பேர், எட்டு பேர் படுக்கிறார்கள். பகல் ஷிப்ட் போனவன் படுக்கையில், ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவன் படுக்கிறான். இவர்களில் பலருக்கு இந்த ஊரில் ரேஷன் கார்டு கிடையாது. ஓட்டும் கிடையாது. ஆனால், பர்சு திருட்டுப் போனால் இந்த ஊர்ப் போலீஸ் நிலையத்துக்குத்தான் வர வேண்டும்.

"எந்த ஊர்? யார் மகன்?"

பழைய காலத்துக் கிராமப் போலீசுக்கு ஒரு பெரிய பலம் இருந்தது. துப்பாக்கி அல்ல. தடியும் அல்ல. தெரிந்த முகம்!

ஏட்டையாவுக்கு எல்லாரையும் தெரியும். புது ஆள் ஒருவன் தெருவில் நடந்தால், "எந்த ஊர்? யார் மகன்?" என்று கேட்பார். பதில் சொன்னதும் அவனுடைய மாமன், மச்சான், குலம், கோத்திரம் எல்லாம் அவர் மனதில் வந்துவிடும். ஆடு திருடியவன் யார் என்று, புகார் எழுதுவதற்கு முன்பே பாதி தெரிந்துவிடும். தெரிந்த முகம் என்பதால் சில அநியாயங்களும் நடந்தன. பண்ணையார் சொல்லுக்கு ஒரு மரியாதை, பண்ணையாளின் சொல்லுக்கு ஒரு மரியாதை என்று இருந்ததும் உண்மைதான்.

இன்று ஒரகடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "எந்த ஊர்?" என்றால், "பீகார்" என்பான். "யார் மகன்?" என்று கேட்டு என்ன பயன்? கேட்கிற போலீஸ்காரரும் வேறு மாவட்டத்தில் இருந்து மாற்றலாகி வந்தவராக இருப்பார்.

எல்லாரும் புது ஆட்கள். போலீசாரும் புது ஆட்கள்.

பட்டணத்துப் போலீசின் வேலை இதுதான். முன்பின் தெரியாதவர்களுக்குக் காவல் நிற்பது. சென்னைப் பட்டணத்துப் போலீஸ் இந்த வேலையை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் செய்து வருகிறது. 1888-ம் ஆண்டிலேயே பட்டணத்துக்கு என்று தனிப் போலீஸ் சட்டம் போட்டார்கள். துறைமுகம், மில், சந்தை, சினிமாக் கொட்டகை, ஊர்வலம் என்று பட்டணத்துக்கு வேண்டிய பழக்கம் அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்தது. ஒரகடத்துக்கு அந்தப் பழக்கம் இருபது ஆண்டுக்குள் வர வேண்டும். அதுதான் கஷ்டம்.

கோடு எங்கே?

2022 ஜனவரி 1-ந் தேதி, சென்னைப் போலீசைப் பிரித்துத் தாம்பரத்திலும் ஆவடியிலும் இரண்டு புதிய கமிஷனர் அலுவலகங்களை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். பூந்தமல்லி ஆவடி கமிஷனர் பக்கம் போயிற்று. மணிமங்கலமும் சோமங்கலமும் தாம்பரம் கமிஷனர் பக்கம் போயின.

அதற்கு அப்பால் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் ஆகியவை காஞ்சீபுரம் மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டின் கீழ் இருக்கின்றன.

கமிஷனர் என்றால் என்ன? சூப்பிரண்டு என்றால் என்ன? எளிமையாகச் சொல்கிறோம். மாவட்டத்தில் தடை உத்தரவு போட வேண்டும் என்றால் கலெக்டர், ஆர்.டி.ஓ. போன்றவர்களிடம் போக வேண்டும். பட்டணத்தில் அந்த மாதிரி மாஜிஸ்திரேட் அதிகாரம் சில, கமிஷனரிடமே இருக்கின்றன. பட்டணத்தில் போக்குவரத்துக்குத் தனிப்பிரிவு, குற்றத்துக்குத் தனிப்பிரிவு, சட்டம்-ஒழுங்குக்குத் தனிப்பிரிவு உண்டு. கிராமப்புற நிலையத்தில் திருட்டு வழக்கையும், விபத்து வழக்கையும், கோவில் திருவிழா பந்தோபஸ்தையும், மந்திரி வருகையையும் அதே சில பேர்தான் பார்க்க வேண்டும்.

கம்பெனி பஸ்சுக்கு இந்தக் கோடு தெரியாது. பூந்தமல்லியில் தூங்கி எழுந்த பெண், சுங்குவார்சத்திரத்தில் வேலை செய்கிறாள். பைக் திருடனுக்கும் கோடு தெரியாது. தெரிந்தாலும் அது அவனுக்கு வசதிதான்!

அதற்காக, ஒரகடத்துக்கும் ஒரு கமிஷனர் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. போர்டை மாற்றி எழுதுவது சுலபம். ஆள் வேண்டும். ஆளுக்குப் பழக்கமும் வேண்டும்.

மாலை கொண்டு வந்த பெண்

முன்பின் தெரியாதவர்கள் கூடும் இடத்தில் போலீஸ் வேலை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு, ஸ்ரீபெரும்புதூரே உலகம் அறிந்த சாட்சி.

1991 மே 21. தேர்தல் கூட்டம். இரவு பத்து மணிக்கு மேல் ராஜீவ் காந்தி வந்தார். கூட்டம் முண்டியடித்தது. கையில் மாலையோடு ஒரு பெண் நெருங்கினாள். அங்கே காவலுக்கு நின்ற பெண் சப்-இன்ஸ்பெக்டர் அனுசுயா, அவளைத் தடுக்கப் பார்த்தார். முடியவில்லை. குண்டு வெடித்தது.

ராஜீவ் காந்தி பலியானார். அவரோடு இறந்தவர்களில் மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டு முகமது இக்பாலும் ஒருவர். இன்ஸ்பெக்டர்கள் முதல் கான்ஸ்டபிள்கள் வரை போலீசார் பலர் உயிர் இழந்தார்கள். அனுசுயா படுகாயத்தோடு பிழைத்தார்.

அந்த இடத்தில் இன்று நினைவகம் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறார்கள். போகிறவர்கள், ராஜீவ் காந்தியோடு விழுந்த காக்கிச் சட்டைக்காரர்களைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் ஒரு போலீஸ்காரர் நம் கையைப் பிடித்து நிறுத்தினால் நமக்குக் கோபம் வருகிறது. "நான் யார் தெரியுமா?" என்று கேட்கிறோம். தெரியாததால்தான் நிறுத்துகிறார்!

விடிய விடிய மறியல்

இனி, போலீசாருக்கு வந்த வேறு விதமான சோதனையைப் பார்ப்போம்.

2021 டிசம்பர். சுங்குவார்சத்திரம் பக்கத்தில் இருக்கும் பாக்ஸ்கான் தொழிற்சாலை. ஐபோன் செய்கிற இடம். அங்கே வேலை செய்த பெண்கள் பூந்தமல்லி பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தி, பேதி. நூற்றைம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போன தோழிகள் திரும்பி வரவில்லை. போனில் பேசவும் முடியவில்லை. யாரும் விவரம் சொல்லவில்லை. உடனே ஒரு பேச்சு கிளம்பியது. "செத்துப் போய்விட்டார்களாம்! மறைக்கிறார்களாம்!" செல்போனில் அது காட்டுத்தீ போலப் பரவியது.

17-ந் தேதி இரவு பெண்கள் ரோட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் இருவர் அல்ல. ஆயிரக்கணக்கில். சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலை நின்றுபோனது. லாரிகள் மைல் கணக்கில் நின்றன. விடிய விடிய மறியல். மறுநாளும் தொடர்ந்தது.

இந்தப் பெண்கள் யார்? பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு வயசு. ஊரில் அப்பாவுக்குக் கடன் இருக்கும். தம்பிக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டியிருக்கும். மறியல் என்றால் என்ன என்று அதற்கு முன்னால் அறியாதவர்கள் பலர். மார்கழிப் பனியில் தார் ரோட்டில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது சம்பள உயர்வு அல்ல. "எங்கள் தோழிகள் உயிரோடு இருக்கிறார்களா?" என்று கேட்டார்கள்.

இதற்குத் தடி பதில் ஆகுமா? ஆகாது. லாரியை ஓரம் கட்டுவதற்குத் தெரிந்த போலீசாருக்கு, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கலெக்டரும் அதிகாரிகளும் வந்து பேசினார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் உயிரோடு இருப்பதை வீடியோவில் காட்டினார்கள். அதன் பிறகுதான் மறியல் கலைந்தது. இதற்கு இடையில் பெண்கள் பலரைப் போலீசார் பிடித்து வைத்து, பிறகு விட்டார்கள். பொய்ச் செய்தி பரப்பியதாக வழக்கும் போட்டார்கள்.

பொய்யைப் பரப்பினால் வழக்குப் போட வேண்டியதுதான். ஆனால், அந்தப் பொய்க்கு இடம் கொடுத்தது எது? மவுனம்! முதல் நாளே ஒரு இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்குப் போய், பெயர்ப் பட்டியலை வாங்கி, விடுதி வாசலில் நின்று, "இன்னார் இன்ன வார்டில் இருக்கிறார், இதோ பேசுங்கள்" என்று சொல்லியிருந்தால் இத்தனை தூரம் வந்திருக்குமா? விடுதி ஒரு நிலையத்தின் எல்லை. தொழிற்சாலை இன்னொரு நிலையத்தின் எல்லை. நாம் மேலே சொன்ன கோடு இங்கே குறுக்கே விழுந்தது. ஆவடி கமிஷனர் அலுவலகம் திறப்பதற்கு அப்போது இரண்டே வாரம் பாக்கி.

பெண்களின் குறை வெறும் வீண் குறை அல்ல என்பதும் பிறகு தெரிந்தது. விடுதியும் சாப்பாட்டு அறையும் சில இடங்களில் தரமாக இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. தொழிற்சாலையைக் கண்காணிப்பில் வைத்தது. மூடிய தொழிற்சாலை 2022 ஜனவரி 12-ல்தான் மறுபடி திறந்தது.

பிறகு அரசாங்கம் வல்லம் வடகாலில் பெரிய விடுதி கட்டியது. 18 ஆயிரத்து 720 பெண்கள் தங்கலாம். 2024 ஆகஸ்டு 17-ல் திறந்தார்கள். செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். நல்ல காரியம். பாராட்டுகிறோம்.

பீகாருக்குப் போன புரளி

2023 மார்ச்சில் இன்னொரு புரளி. "தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளிகளை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள்" என்று வீடியோக்கள் பரவின. பீகார் சட்டசபையில் கூச்சல் எழுந்தது. அங்கிருந்து அதிகாரிகள் குழு தமிழ்நாட்டுக்கு வந்து பார்த்தது.

அப்போது டி.ஜி.பி.யாக இருந்தவர் சைலேந்திரபாபு. அந்த வீடியோக்கள் பொய் என்று உடனே சொன்னார். ஒன்று, திருப்பூரில் வட மாநிலத்தவர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை. இன்னொன்று, கோவையில் உள்ளூர் ஆட்கள் போட்ட சண்டை. சொன்னதோடு நிற்கவில்லை. போலீஸ் அதிகாரிகள் தொழிலாளர் தங்கும் இடங்களுக்கே போனார்கள். இந்தியில் பேசினார்கள். உதவிக்குப் போன் நம்பர் கொடுத்தார்கள். பொய் பரப்பியவர்கள் மீது வழக்குப் பாய்ந்தது. சில நாளில் பயம் தணிந்தது.

2021-ல் மறியல் வந்த பிறகு உண்மையைச் சொன்னார்கள். 2023-ல் விபரீதம் வருவதற்கு முன்னாலேயே சொன்னார்கள். அதனால் ரோடு நிற்கவில்லை. தடி தூக்கவும் இல்லை.

கொட்டகையும் கைதும்

போலீசாருக்கு எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை, வேலைநிறுத்தத்தின் போது காவல் நிற்பது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2024 செப்டம்பர் 9-ந் தேதி, சுங்குவார்சத்திரம் பக்கத்துச் சாம்சங் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சங்கத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், சம்பளம் கூட வேண்டும் என்று கேட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் வெளியே கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். 16-ந் தேதி காஞ்சீபுரத்தில் ஊர்வலம் போகக் கிளம்பியவர்களைப் போலீசார் பிடித்தார்கள். சுமார் நூறு பேர். அக்டோபர் 9-ல் கொட்டகையைப் பிரித்தார்கள். அதற்கு முந்தின இரவில் சிலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அக்டோபர் 15-ல் மந்திரிகள் முன்னிலையில் பேசி முடித்தார்கள். 37 நாள் போராட்டம் முடிந்தது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று.

இதில் யார் பக்கம் நியாயம், சம்பளம் எவ்வளவு என்று நாம் இங்கே பேசவில்லை. போலீசாரின் வேலை என்ன என்பதுதான் நம் கேள்வி.

ரோடு திறந்திருக்க வேண்டும். அது போலீஸ் வேலை. வேலைக்குப் போகிறவனை யாரும் அடிக்கக் கூடாது. அதுவும் போலீஸ் வேலை. வாசலுக்கு வெளியே சாந்தமாக உட்கார்ந்திருப்பவனையும் யாரும் அடிக்கக் கூடாது. அதுவும் போலீஸ் வேலைதான்! ஆனால், சங்கம் வேண்டுமா வேண்டாமா என்பது தொழிலாளர் இலாகாவும், கம்பெனியும், தொழிலாளியும், கடைசியில் கோர்ட்டும் பேசித் தீர்க்க வேண்டிய காரியம். சங்கம் வைக்கும் உரிமையை அரசியல் சட்டமே தந்திருக்கிறது.

ராத்திரியில் ஒரு தொழிலாளி வீட்டுக் கதவைப் போலீசார் தட்டினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? "இவன் என்ன திருடினான்?" என்று நினைப்பார்கள். அவன் பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடம் போக வேண்டும். பேச்சு நடந்துகொண்டிருக்கும் போது இப்படிக் கதவைத் தட்டியது தவறு என்றே நாம் கருதுகிறோம்.

சென்னைக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. 1918-ல் பெரம்பூர் பக்கத்து மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைத்தார்கள். இந்தியாவின் முதல் சங்கங்களில் அது ஒன்று. 1921-ல் பின்னி மில் தகராறில் போலீசார் துப்பாக்கியால் சுட்டார்கள். உயிர்கள் போயின. அந்தக் காயம் ஆறப் பல ஆண்டு பிடித்தது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் பெரம்பூரில் படித்த பாடத்தைச் சுங்குவார்சத்திரத்தில் முதலில் இருந்து படிக்க வேண்டாம்.

மாமூலாக ஒரு விஷயம் நடக்கிறது. எங்கே பேச்சு முறிந்தாலும் கடைசியில் போலீஸ்காரரைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துகிறார்கள். கம்பெனி அதிகாரி ஏ.சி. அறையில் இருப்பார். வெயிலில் தொழிலாளியும் போலீஸ்காரரும் எதிர் எதிரே நிற்பார்கள். இரண்டு பேரும் மாதச் சம்பளக்காரர்கள். இரண்டு பேருக்கும் வீட்டில் அதே அரிசி, அதே வாடகை!

இரும்புத் துண்டுக்கு வெட்டுக் குத்து

இந்த வட்டாரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. அதற்குப் பெயர் 'ஸ்கிராப்'. கழிவு இரும்பு.

கார் கதவு செய்யத் தகட்டை வெட்டுகிறார்கள். ஓரத்துத் துண்டு மிச்சமாகிறது. ஒரு நாள் மிச்சம் லாரி லாரியாகப் போகும். இதை எடுத்து விற்கிற காண்டிராக்டு யாருக்குக் கிடைக்கிறதோ, அவருக்குப் பணம் கொட்டும். பணம் கொட்டுகிற இடத்தில் ரவுடி வருவான். "உள்ளூர்க்காரன் எனக்குத் தான் தர வேண்டும்" என்பான். தராவிட்டால் லாரியை மறிப்பான். இரண்டு கோஷ்டிக்குள் போட்டி வந்தால் அரிவாள் வரும். 2022-ன் தொடக்கத்தில் இந்த ரவுடிகளை ஒடுக்கத் தனிப்படையே அமைத்தார்கள்.

தனிப்படை வந்தால் ரவுடி கொஞ்ச நாள் ஒளிந்துகொள்வான். படை போனதும் வருவான். அவனுக்கு அரசியலில் யார் துணை? கம்பெனிக்குள் யார் துணை? காக்கிச் சட்டைக்குள்ளேயே யாராவது துணையா? இதைக் கண்டுபிடிக்காமல் ரவுடியை மட்டும் பிடிப்பது, மாட்டை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடிக்கிற கதை. கம்பெனிகளும் பயந்து பணம் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. புகார் கொடுக்க வேண்டும். புகார் கொடுத்தவர் பெயர் வெளியே போகாது என்ற நம்பிக்கையைப் போலீசார் தர வேண்டும்.

இருட்டில் நிற்கும் லாரி

ரோட்டு ஓரத்தில் விளக்கு இல்லாமல் லாரி நிற்கும். ஷிப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் பைக்கில் வருகிற பையனுக்குத் தெரியாது. மோதுவான். வண்டலூர்-வாலாஜாபாத் ரோட்டில் போய் வருகிறவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. லாரி நிற்க இடம் ஒதுக்க வேண்டியது சிப்காட்டும் கம்பெனிகளும். ரோட்டில் நிறுத்தினால் அபராதம் போட வேண்டியது போலீஸ்.

இங்கே வாசகர்களுக்கு ஒரு தகவல். அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தால் "கோர்ட்டு, கேசு என்று அலைய வேண்டுமே" என்று பலர் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். உதவி செய்தவரைச் சாட்சி சொல்லும்படி போலீசார் கட்டாயப்படுத்தக் கூடாது. பெயர் சொல்லும்படியும் வற்புறுத்தக் கூடாது.

காக்கிச் சட்டைக்குள்ளே

போலீசாரைக் குறை சொல்வது சுலபம். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம். அவர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் ஆனதும் சங்கு ஊதும். போலீஸ் நிலையத்தில் சங்கு கிடையாது. தீபாவளி, பொங்கல் என்றால் நமக்கு லீவு, அவர்களுக்கு பந்தோபஸ்து. கான்ஸ்டபிள் முதல் ஏட்டு வரை வாரம் ஒரு நாள் லீவு என்று 2021 நவம்பரில் அரசாங்கம் உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு. ஆனால், ஆள் குறைவாக இருக்கும் நிலையத்தில் உத்தரவு சுவரில் தொங்கும்; ஆள் ரோட்டில் நிற்பார். மூன்று நாள் தூங்காதவரிடம் பொறுமையாகப் பேசு என்றால் எப்படிப் பேசுவார்?

ஆகையால்தான் சொல்கிறோம். இந்த வட்டாரத்துக்கு எத்தனை போலீசார் என்று கணக்குப் போடும் போது, ஓட்டர் பட்டியலைப் பார்க்கக் கூடாது. ராத்திரி இங்கே எத்தனை பேர் தூங்குகிறார்கள், எத்தனை பேர் தூங்காமல் வேலை செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இந்தி, ஒடியா தெரிந்தவர்கள் ஒவ்வொரு நிலையத்திலும் ஒருவராவது இருக்க வேண்டும். காஞ்சீபுரம், ஆவடி, தாம்பரம் மூன்று போலீசும் ஒரே இரவு ரோந்துத் திட்டம் வைத்துக்கொள்ள வேண்டும். விடுதியில் தகராறா, தொழிற்சாலையில் தகராறா என்று எல்லை பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

பெண் போலீசார் அதிகம் வேண்டும். 1973-ல் தமிழ்நாட்டில் பெண் போலீஸ் தொடங்கிய போது ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு ஏட்டு, 20 கான்ஸ்டபிள்கள். அவ்வளவுதான்! 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் போலீஸ் நிலையம் திறந்தார்கள். இன்று அவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால், பெண்கள் இத்தனை பேர் ராத்திரியில் வேலைக்குப் போய் வருகிற இடம் தமிழ்நாட்டில் வேறு எத்தனை இருக்கிறது?

வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளும், ஊரில் இருக்கும் பெற்றோரும் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். அவசரத்துக்கு 112. பெண்களுக்கு உதவி 181. செல்போனில் பணம் ஏமாந்தால் 1930. "இது எங்கள் எல்லை இல்லை, அந்த நிலையத்துக்குப் போ" என்று யாராவது சொன்னால், "2024 ஜூலை 1 முதல் வந்த புதுச் சட்டப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாமே, அய்யா" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். விசேஷ காரணம் இல்லாமல், சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்யக் கூடாது.

வல்லம் வடகால் விடுதி வாசலிலும், ஒரகடம் கூட்டு ரோட்டிலும், சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்திலும் ஷிப்ட் மாறும் நேரத்தில், இரவிலும் விடியற்காலையிலும், இரண்டு இரண்டு பெண் போலீசாரை நிறுத்த வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. புதுக் கட்டடம் தேவையில்லை. மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டின் ஒரு கையெழுத்துப் போதும்.